சில்வெஸ்டர் வீட்டு மௌனம்

அம்மாவின் உதடுகள் பாதி நேரம்தான் அசைந்தன.

நோரா அதைக் கவனித்திருக்கக் கூடாது. ஜெப வேளையில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஆனால் அன்று காலைதான் மெல்பர்னிலிருந்து வந்து இறங்கியிருந்தாள். கண்ணை மூடினால் முழந்தாளிட்டபடியே தூங்கி விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் இமைகளுக்கு நடுவே ஒரு கீற்றைத் திறந்து வைத்திருந்தாள். அந்தக் கீற்றுக்குள் கூடம் முழுவதும் அடங்கியது: மாதா சுரூபத்தைச் சுற்றி ஓடி ஓடி அணையும் சீரியல் பல்புகள், ஜன்னலோரம் சுருண்டு ஏறும் கொசுவத்திப் புகை, சிவப்புச் சிமெண்டுத் தரையில் அப்பாவின் வெளுத்த குதிகால்கள், அவருக்குப் பக்கத்தில் அம்மாவின் வாய்.

ஜெபமாலையில் ஐந்து பத்துகள். மணிக்கு ஒரு ஜெபம், ஜெபத்துக்கு இரண்டு பாதி. ஒருவர் முன்பாதியைச் சொல்லி நிறுத்துவார். மற்றவர்கள் பின்பாதியைப் பதிலாகச் சொல்லி முடிப்பார்கள். நான்கு பத்துகளை அப்பா உரக்கவும் அம்மா கம்மிய குரலிலும் மாறி மாறி நடத்திவிட்டார்கள். இப்போது ஐந்தாவது. அந்த வீட்டில் ஐந்தாம் பத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மௌனமாகத்தான்.

மௌனமாகச் சொல்கிறவர்களின் உதடுகள் அசையலாம், அசையாமலும் இருக்கலாம். அம்மாவின் உதடுகள் ஆறேழு நொடி ஒட்டிக் கிடந்தன. அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று அடுத்த அறையிலிருந்து காது கொடுப்பவளைப் போலத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பிறகு உதடுகள் அசைந்தன. நின்றன. மறுபடி ஆறேழு நொடி. மறுபடி அசைவு. சட்டம் போட்ட அப்பாவோ கண்ணை அகலத் திறந்து அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையும்போது அவருடையதும் அசைந்தது.

நோரா அம்மாவின் வாயைப் படித்தாள். ஒவ்வொரு தடவையும் அம்மா சொன்னது பின்பாதியை மட்டும்.

பதில்களை மட்டும்.

காக்ஸ் டவுன் தேவாலயப் பங்கில் இந்த மௌனத்துக்குத் தனிப் புகழ் உண்டு. ஜெபமாலையில் அப்பாவுக்கு ஒரு பத்து, அம்மாவுக்கு ஒன்று, அண்ணன் நீலுக்கு ஒன்று, நோராவுக்கு ஒன்று, கடைக்குட்டி கேரலுக்குக் கடைசி என்று ஒரு காலத்தில் பங்கீடு இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் ஆறு வயதுக் கேரல் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அவளுடைய பத்தை அப்புறம் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வேறு வீடாக இருந்தால் அதைத் துக்கம் என்று விட்டிருப்பார்கள். நோராவின் அப்பா சில்வெஸ்டர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எதையும் சும்மா விடுகிறவரல்ல. 'மௌனப் பத்து' என்று அதற்குப் பெயர் வைத்தார். பங்கு இதழில் மூன்று பக்கம் எழுதினார். குடும்ப வாழ்வுக் கருத்தரங்கில் மௌனத்தின் மேன்மையைப் பற்றி முக்கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினார். பக்கத்துத் தெருவில் நாலைந்து வீடுகள் மௌனப் பத்தைத் தொடங்கியபோது, அவர்களுடையதில் அவ்வளவு ஆழம் இல்லை என்று அபிப்பிராயப்பட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் அம்மா டோரீனுக்கும் திருமணமாகி ஐம்பது வருஷம். அன்று மாலை 'மாதிரிக் குடும்பம்' என்ற பங்குக் கேடயம் வீடு தேடி வருகிறது. நீல் டப்ளினிலிருந்து இருபது வருஷ வழக்கப்படி வரவில்லை. கேக் அனுப்புவதாகச் சொல்லியிருந்தான். மாதிரிக் குடும்பத்தின் போட்டோவில் ஒரு பிள்ளையாவது நிற்க வேண்டுமே என்று நோராவுக்குப் போன் மேல் போன். பதினொரு வருஷம் கழித்து வந்திருக்கிறாள். திங்கட்கிழமை இரவு திரும்பும் விமானம். அங்கே ஒரு வேலை, கடல்காற்று வரும் இரண்டு அறை, யாரும் எதற்கும் முழந்தாளிடாத மாலைகள். அவற்றிடம் திரும்பிப் போய்ச் சேர்ந்தால் போதும் அவளுக்கு.

"கண்ணை மூடணும்கிறது மறந்து போச்சா, மெல்பர்ன் மேடம்?" ஜெபம் முடிந்ததும் அப்பா கேட்டார்.

"தூக்கம் டாடி."

"என்ன?"

"தூக்கம்!"

"மௌனம் பாதியில கலைஞ்சா பலன் கிடையாது. என் கட்டுரையிலேயே எழுதியிருக்கேன்," என்றார். காது மந்தமானதிலிருந்து மௌனத்தைப் பற்றிக்கூட அவர் கத்தித்தான் பேசினார்.

சனிக்கிழமை பிற்பகல், விருந்தாளிகளுக்காகக் கூடத்தைத் துடைக்கும்போது நோரா இரண்டாவது விஷயத்தைப் பார்த்தாள்.

மாதா பீடம் ஆளுயர ரோஸ்வுட். கேரல் இறந்த வருஷம் அப்பா சிவாஜி நகர் ஆசாரியை வரவழைத்துச் செய்தது. நாலு ஆள் சேர்ந்துதான் தூக்கி வைத்தார்கள். சாமான் அறையின் கதவை மறைத்தபடி அது நின்றது. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. அப்படி ஒரு அறை இருப்பதே நோராவுக்கு மறந்திருந்தது. பீடத்தின் கால்கள் தரையில் பதித்திருந்த நான்கு குழிகளில் ஈரத்துணி சிக்கியபோதுதான் புரிந்தது: குழிகள் காலியாக இருந்தன. கால்கள் அவற்றுக்கு ஒரு கைப்பிடி அளவு முன்னால் நின்றன. குழிகளிலிருந்து கால்கள் வரை சிவப்புத் தரையில் வெள்ளையாக நான்கு கீறல்கள்.

பீடத்துக்கும் கதவுக்கும் இடையிலிருந்த சந்திலிருந்து வாடை வந்தது. பூட்டிய அறையின் வாடைதான், பழந்துணி, எலி. அதற்கடியில் தீய்ந்த சர்க்கரை.

அம்மா சமையலறையில் கட்லெட் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மம்மி, பீடத்தை யாரு நகர்த்தினா?"

"யாரும் நகர்த்தல." அம்மாவின் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. தொண்டையில் ஒரு கட்டி. அடுத்த மாதம் ஆபரேஷன். "போன வருஷம் எனக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணாங்க. டாடியும் துணைக்கு ஆஸ்பத்திரியில. ரெண்டு சாயங்காலம் இங்க ஜெபமாலை இல்ல. வந்து பார்த்தா ரெண்டு இன்ச்சு. அப்புறம் டாடிக்கு டெங்கு வந்துச்சே, அப்ப ஒரு ரெண்டு."

"என்ன சொல்றீங்க?"

"ஒரு நாளைக்கு ஒரு இன்ச்சு, நோரா. கணக்காத்தான் இருக்கா."

குக்கர் விசிலடித்தது. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து மறுபடி உருட்டினாள்.

"பிஷப் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வந்தது ஞாபகம் இருக்கா?"

"சாக்லேட் குடுத்தார். தங்கக் காகிதம் சுத்தினது."

"அதுக்கு முன்னாடி?"

நோரா யோசித்தாள். சாக்லேட்டுக்கு முன்னால் எதுவும் இல்லை. சுத்தமாகத் துடைத்த தரை மாதிரி இருந்தது அந்த இடம்.

"கேரலுக்கு ஃபிட்ஸ் வரும். வந்தா கத்துவா, நனைச்சுக்குவா. அன்னிக்கு டாடியோட ஹெட்மாஸ்டர் போஸ்ட் பிஷப் கையில இருந்துச்சு. அந்த மனுஷன் முன்னாடி அவளை எப்படி வைக்கிறதுன்னு டாடி சாமான் ரூம்ல விட்டுத் தாழ்ப்பாள் போட்டார். இருட்டுன்னா அவளுக்கு ஆகாது. 'உன் பத்தை நீ சொல்லு பாப்பா, அக்கா வெளிய இருந்து பதில் சொல்லுவா, பத்து மணியும் சொல்லி முடிச்சதும் கதவைத் திறந்து புட்டிங் தரேன்'னார். உன்னை ஸ்டூல் போட்டுக் கதவுகிட்ட உட்கார வெச்சோம். நீயும் நல்லாத்தான் பதில் சொல்லிக்கிட்டு இருந்தே." அம்மா மூச்சு வாங்கினாள். "நடுவுல டாடி உன்னைப் பாட்டுப் பாடக் கூப்பிட்டார்."

நோராவின் கையிலிருந்த ஈரத்துணி சொட்டியது.

"எத்தனாவது மணியில?"

"அது உனக்குத்தான் தெரியும். நான் பரிமாறிக்கிட்டு இருந்தேன். பிஷப் நாலு மணி வரைக்கும் எழுந்திருக்கல. புட்டிங் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்."

"மம்மி."

"காய்ச்சல்னு எழுதிக் குடுத்த டாக்டர் டாடிகூடப் பங்குப் பேரவையில இருந்தவர். அடக்கம் பண்ணிட்டு வந்து அன்னிக்கு ராத்திரியே ஜெபமாலைக்கு உட்கார்ந்தோம். நாலு பத்து ஆச்சு. அஞ்சாவதை யாரு எடுக்கறதுன்னு ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருக்கும்போது, உள்ள இருந்து ஆரம்பிச்சா." அம்மா ஒரு கட்லெட்டை ரஸ்க்குத் தூளில் புரட்டினாள். "பதில் சொன்னா பத்தோட நிறுத்திக்குவா. சொல்லலைன்னா கதவுக்கு வருவா. நீல் ஏன் வர்றதில்லைன்னு இப்பத் தெரியுதா?"

"எனக்கு ஒண்ணும் கேட்கல மம்மி. நேத்து எனக்கு ஒண்ணும் கேட்கல."

"ஏழு வயசுல நல்லாக் கேட்டுச்சு உனக்கு. டாடிக்குக் காது போயி ரெண்டு வருஷம். என் வாயைப் பார்த்துத்தான் சொல்றார். அடுத்த மாசம் என் தொண்டையையும் அறுத்துட்டா..." அம்மா கட்லெட்டைத் தட்டில் வைத்தாள். "டிக்கெட்டை மாத்த முடியுமா பார்."

"நான் திங்கட்கிழமை கிளம்பறேன்."

அம்மா அடுத்த உருண்டையை எடுத்தாள்.

அன்று மாலை நான்கு பத்துகள் முடிந்தன. வெளியே கோல்ஸ் பார்க் பக்கமிருந்து ஆட்டோவின் உறுமல், எதிர்வீட்டு டிவியில் கன்னடச் செய்தி, அடுக்களையில் சொட்டும் குழாய். நோரா அந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டாள், கூட்டத்தில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வது போல. ஆட்டோ போய்விட்டது. செய்தி விளம்பரமானது. குழாய் சொட்டியது, சொட்டியது, பிறகு சொட்டுகளுக்கு நடுவே, பீடத்துக்குப் பின்னாலிருந்து, தண்ணீர்க் குழாய்க்குள் யாரோ முணுமுணுப்பதைப் போல மெலிதாக, வேகமாக, மனப்பாடம் மறந்துபோவதற்குள் ஒப்பித்துவிட வேண்டும் என்ற அவசரத்தோடு, ஒரு முன்பாதி.

நின்றது.

காத்திருந்தது.

நோராவின் வாய் தானாகத் திறந்து பின்பாதியைச் சொன்னது. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் தோள்கள், ஒரு மூட்டையை இறக்கி வைத்தவளுடையதைப் போலத் தாழ்ந்தன.

பத்தாவது மணியோடு அது நின்றுவிட்டது.

இரவெல்லாம் நோரா விளக்கை அணைக்காமல் படுத்திருந்து ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவிடம் போனாள். அவர் கண்ணாடி முன் நின்று ஏற்புரையைப் பழகிக்கொண்டிருந்தார்.

"டாடி, அந்த ரூமைத் திறப்போம். ஃபாதர் சாயங்காலம் வர்றாரே, மந்திரிக்கச் சொல்வோம்."

"என்ன?"

"ரூம்! கேரல் ரூம்!"

அப்பா முதலில் ஜன்னலைத்தான் பார்த்தார். பக்கத்து வீட்டுச் சிரில் அவருக்கு எதிராகப் பேரவைத் தேர்தலில் நின்றவர். அவர் வீட்டு ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும்.

"கத்தாதே," என்று கத்தினார். பிறகு கிசுகிசுக்க முயன்றார். அது அவரால் முடியவில்லை. "ஷீல்டு கைக்கு வரட்டும். அப்புறம் எதை வேணா திற. முப்பது வருஷம் பொறுத்தவ ஒரு சாயங்காலம் பொறுக்க மாட்டாளா?"

யாரைச் சொல்கிறார் என்று நோரா கேட்கவில்லை.

ஆறரை மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. நாற்பது பேர். பட்டு, பவுடர், மல்லிகை, மட்டன் பிரியாணி அண்டாவின் ஆவி. கேட்டரிங்காரர்கள் மேசையில் கேரமல் புட்டிங்கை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்த வீட்டில் முப்பது வருஷமாக யாரும் செய்யாத பண்டம். நீலின் கேக், அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. கேடயம் பீடத்தின் மேல் மாதாவுக்குச் சமமாக நின்றது. பார்க்கப்போனால் அரை அங்குலம் உயரமாக. ஃபாதர் அமல் பங்குக்கு வந்து மூன்றே மாதமான இளைஞர். எதையும் மகிழ்ச்சியாகச் செய்ய வேண்டும் என்ற கொள்கைக்காரர்.

எல்லோரும் முழந்தாளிட்டார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஒவ்வொரு பத்து முடியும்போதும் நோரா பீடத்தின் கால்களைப் பார்த்தாள். அவள் அம்மாவின் பழைய நீலப் பட்டைக் கட்டியிருந்தாள். உள்ளங்கை வியர்வை அதில் பட்டுப் பட்டுத் திட்டாகியிருந்தது. இன்னும் ஒரு பத்து. பதில் சொல்லிவிடலாம். சொல்லி முடித்து, போட்டோவுக்கு நின்று, எல்லோரும் போனதும் கதவைத் திறந்துவிடலாம். நாளைக்கு விமானம்.

ஃபாதர் அமல் எழுந்து நின்றார்.

"இந்த வீட்டு மௌனத்தைப் பத்தி நான் நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். முப்பது வருஷத் துக்கம். ஆனா இன்னிக்கு கோல்டன் ஜூபிலி, சந்தோஷ நாள். அதனால ஐந்தாம் பத்தை நானே சத்தமாச் சொல்றேன். எல்லாரும் வாய் நிறையப் பதில் சொல்லுங்க, பார்க்கலாம்!"

கூடம் கைதட்டியது. சில்வெஸ்டருக்கு எதுவும் கேட்கவில்லை. கைகள் தட்டுவது மட்டும் தெரிந்தது. தன்னைத்தான் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, நெஞ்சில் கை வைத்துத் தலை வணங்கினார்.

அம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அப்பா அவள் கையைத் தட்டிக்கொடுத்து, கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

நோரா பாதி எழுந்தாள். "ஃபாதர், வேண்டாம்."

"ஏன்மா?"

நாற்பது முகங்கள். சிரிலின் முகம் எல்லோருக்கும் முன்னால், ஆவலாக. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்த வாக்கியம் அவள் நாக்கின் மேல் இருந்தது. அதற்குள் சாமான் அறை இருந்தது, தாழ்ப்பாள் இருந்தது, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஏழு வயதுப் பெண்ணும் இருந்தாள்.

"ஒண்ணுமில்ல ஃபாதர்," என்றாள்.

முழந்தாளிட்டாள்.

ஃபாதர் அமலுக்குப் பாட்டுக்காரக் குரல். அவர் முன்பாதியைத் தொடங்கிய அதே நொடியில் பீடத்துக்குப் பின்னால் இன்னொரு முன்பாதியும் தொடங்கியது. அவரைவிட வேகமாக, அவரைவிட மெலிதாக, அவருக்கு முன்பே முடிந்து, காத்திருந்தது. நோரா பதில் சொன்னாள். அவள் பதிலின் மேல் ஃபாதரின் குரல் ஏறியது. பின்பாதியை நாற்பது தொண்டைகள் முழங்கும்போது உள்ளே இரண்டாவது மணி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் நோரா அதைப் பிடித்துவிட்டாள். நான்காவதில் தவறவிட்டாள். அம்மா முகத்தைப் பீடத்தின் பக்கம் நீட்டி, சத்தமில்லாத வாயால் எதையோ மென்றுகொண்டிருந்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். பக்தியோடு. சட்டப்படி.

ஐந்து.

குரல் கொஞ்சம் உயர்ந்தது. கேட்கிறதா என்று பார்ப்பதற்காக.

ஆறு.

அக்கா என்றது. ஜெபத்துக்கு நடுவில். ஜெபத்தில் இல்லாத சொல்.

ஏழு.

நின்றது.

அப்போது நோராவுக்கு அது வந்தது. முழுசாக. ஸ்டூலின் குளிர்ந்த இரும்பு. தொங்கும் கால்கள். கதவின் அடியில் நான்கு சின்ன விரல்நுனிகள். அப்பாவின் குரல்: நோரா, வாம்மா, பிஷப்புக்குப் பாடிக் காட்டு. முன்பாதி முடிந்திருந்தது. அவள் பதில் சொல்லவில்லை. குதித்து இறங்கி ஓடினாள்.

ஏழாவது மணி.

கூடம் எட்டாவதை முழங்கியது. ஒன்பதாவதை. எல்லோர் கண்களும் மூடியிருந்தன. ஒரு கீற்றைத் திறந்து வைத்திருந்தவள் அவள் மட்டும்தான். தீய்ந்த சர்க்கரை வாடை எழுந்தது. மேசையிலிருந்தா? இல்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து. சீரியல் பல்புகள் ஓடாமல் நின்றன. கேடயம் ஒருமுறை நடுங்கியது. எங்கோ ஒரு தாழ்ப்பாள், துருப்பிடித்தது, மெதுவாக, யாரையும் தொந்தரவு செய்யாமல், விலகியது.

பீடத்தின் கால்கள் அசைந்தன.

ஒரு அங்குலம் இல்லை.

ஒரு சின்ன உடம்பு நுழையும் அளவுக்கு.

"ஆமென்!" என்றது கூடம்.

"ஆகா, என்ன ஒரு நிறைவு!" என்றார் ஃபாதர் அமல். நாற்காலிகள் இழுபட்டன. புட்டிங் வாசனை பிரமாதம் என்று யாரோ சொன்னார்கள். போட்டோகிராபர் மஞ்சுநாத், மாதிரிக் குடும்பத்தைப் பீடத்துக்கு முன்னால் வரிசைப்படுத்தினான்: நடுவில் கேடயத்தோடு அப்பா, வலப்பக்கம் அம்மா, இடப்பக்கம் நோரா. பீடம் கோணலாக நிற்பதை அப்பா பார்த்தார். ஒரு கணம் அவர் முகம் சில்வெஸ்டருடையதாக இல்லை. பிறகு கேமரா உயர்ந்தது. அவரும் கேடயத்தை உயர்த்தினார்.

"நோரா, சிரிம்மா," என்றார். "ரெண்டே நிமிஷம்."

"மேடம், வாயை அசைக்காதீங்க," என்றான் மஞ்சுநாத். "பிக்சர் ஷேக் ஆயிடுது."

நோராவால் முடியவில்லை. ஆறேழு நொடி ஒட்டியிருந்தன அவள் உதடுகள். தலை இடப்பக்கமாக, கீழ்நோக்கிச் சாய்ந்தது. பிறகு அசைந்தன. நின்றன. மறுபடி ஆறேழு நொடி. மறுபடி. பத்து தாண்டிவிட்டது. எண்ணுவதை விட்டுவிட்டாள்.

மஞ்சுநாத் கேமராவின் திரையைப் பார்த்தான். நோராவைப் பார்த்தான். மறுபடி திரையை.

"மேடம், உங்க சேலை. லெஃப்ட் சைடுல ஸ்வல்ப சரி பண்ணிக்கோங்க."

அவள் குனியவில்லை. அம்மாதான் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள்.

நோராவின் இடது தொடையருகே, ஆறு வயதுக் குழந்தையின் தோள் உயரத்தில், நீலப் பட்டு ஒரு சின்னக் கைப்பிடி அளவுக்குக் கசங்கிச் சுருண்டிருந்தது. மடிப்புகளெல்லாம் அந்த ஒரே இடத்துக்குப் பாய்ந்திருந்தன. மின்விசிறிக் காற்றில் அவளுடைய முந்தானை பறந்தது, அம்மாவின் முந்தானை பறந்தது. அந்த இடம் மட்டும் அசையாமல், இறுக்கமாக, கீழ்நோக்கி இழுபட்டபடியே இருந்தது.